ஸ்ரீமுஷ்ணம் விடுபடாமல் நெஸ்டட் லிஸ்ட் பழகுவது எப்படி?

பைத்தானில் நெஸ்டட் லிஸ்ட், அதாவது லிஸ்டுக்குள் லிஸ்ட், சொல்லித் தரும்போது முதல் உதாரணமாக அநேகமாக எல்லாரும் எடுப்பது 1 முதல் 9 வரை எண்கள் நிரம்பிய 3-க்கு 3 கட்டம். பார்க்க லட்சணமாக இருக்கும், பழகுகிறவருக்கு உதவாது. நிரையையும் (கிடை வரிசை) நிரலையும் (நெடு வரிசை) மாற்றிப் போட்டாலும் அந்தக் கட்டத்தில் புரோகிராம் ஓடிவிடும். கூட்டுத்தொகை 45 என்று சரியாகவே வரும். தப்பு செய்ததே தெரியாமல் அதுவே கைப்பழக்கமாகி, லேபில் வேறு அளவில் ஒரு கணக்கு வந்ததும், இல்லாத இட எண்ணைக் கேட்டதாக இண்டெக்ஸ் எரர் வந்து நிற்கும்.

அதனால் வரிசைக்கு வரிசை நீளம் மாறுகிற தகவலை வைத்துத்தான் தொடங்க வேண்டும். கடலூர், புதுச்சேரிப் பக்கத்துப் பிள்ளைகள் அதைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. கடலூர் மாவட்டத்தில் 3 வருவாய்க் கோட்டங்கள், 10 வட்டங்கள். கடலூர் கோட்டத்தில் 3 வட்டம், சிதம்பரத்தில் 4, விருத்தாசலத்தில் 3. நடுவில் இருப்பது மட்டும் ஒன்று கூடுதல். பயிற்சிக்கென்றே பிரித்து வைத்த மாதிரி இருக்கிறது.

வட்டங்கள் = [
    ["கடலூர்", "பண்ருட்டி", "குறிஞ்சிப்பாடி"],
    ["சிதம்பரம்", "காட்டுமன்னார்கோயில்", "புவனகிரி", "ஸ்ரீமுஷ்ணம்"],
    ["விருத்தாசலம்", "திட்டக்குடி", "வேப்பூர்"],
]

இதை அப்படியே டைப் செய்யலாம். பைத்தான் 3 வந்ததிலிருந்து மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்க முடியும். மேலே உள்ளது ஒரு எழுத்தும் மாற்றாமல் ஓடும். ஃபார், இன், பிரிண்ட், லென் போன்ற பைத்தானின் சொந்தச் சொற்களை மட்டும் இந்தப் பதிவில் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கணினியில் அவற்றை வழக்கம்போல ஆங்கிலத்தில் அடியுங்கள். லேப்டாப் இல்லாதவர்களுக்கு ஆண்ட்ராய்டு போனில் பைட்ராய்ட் என்ற ஆப் போதும். ஒன்று மட்டும் கவனம்: வாட்ஸ்அப்பிலோ வேர்டிலோ வந்த கோடை காப்பி செய்து ஒட்டினால் நேரான மேற்கோள்குறி வளைந்த மேற்கோள்குறியாக மாறியிருக்கக்கூடும். சின்டாக்ஸ் எரர் வரும். குறிகளை அழித்து மறுபடி அடித்தால் சரியாகும்.

பட்டாவில் மேலே எழுதியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். முதலில் மாவட்டம், பிறகு வட்டம், பிறகு வருவாய் கிராமம், கீழே வந்தால் புல எண், உட்பிரிவு. பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கும். நெஸ்டட் லிஸ்டின் இண்டெக்ஸும் அதே வரிசையில்தான் இறங்குகிறது. தபால் முகவரி மாதிரி வீட்டு எண்ணிலிருந்து மேலே ஏறாது. வட்டங்கள்[1][3] என்றால் முதலில் 1-வது இடத்துக் கோட்டம், அதற்குள் 3-வது இடத்து வட்டம். எண்ணிக்கை 0-விலிருந்து தொடங்குவதால் சிதம்பரம் கோட்டம், ஸ்ரீமுஷ்ணம்.

ஒவ்வொரு சதுர அடைப்பைத் தாண்டியதும் நின்று "இப்போ கையில என்ன இருக்கு?" என்று வாய்விட்டுக் கேட்டுக்கொள்வதுதான் இதில் முக்கியப் பயிற்சி. வட்டங்கள் என்றால் கையில் இருப்பது லிஸ்ட்களின் லிஸ்ட். வட்டங்கள்[1] என்றால் சரங்களின், அதாவது ஸ்ட்ரிங்குகளின், லிஸ்ட். வட்டங்கள்[1][3] என்றால் ஒரு சரம். இந்த மூன்று பதிலும் யோசிக்காமல் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. லென்(வட்டங்கள்) ஏன் 10 இல்லாமல் 3 என்று வருகிறது, "வேப்பூர்" இன் வட்டங்கள் என்று கேட்டால் ஏன் ஃபால்ஸ் என்று வருகிறது என்பதெல்லாம் தானாகப் புரியும். வெளி லிஸ்டில் இருப்பவை மூன்று லிஸ்ட்கள்தான், அங்கே வேப்பூர் என்று ஒரு சரம் கிடையாது. "வேப்பூர்" இன் வட்டங்கள்[2] என்று கேட்டால் ட்ரூ.

சரத்துக்கு வந்துவிட்டோம், இதற்கு மேல் இறங்க முடியாது என்று நினைத்துவிட வேண்டாம். சரத்துக்கும் இண்டெக்ஸ் உண்டு. வட்டங்கள்[0][1][0] என்று கொடுத்தால் எரர் வராது, 'ப' வரும். இதுதான் ஆபத்து. உள் அடைப்புகளை மறந்து ["கடலூர்", "பண்ருட்டி", "குறிஞ்சிப்பாடி"] என்று வெறும் லிஸ்டாக எழுதிவிட்டு [0][1] கேட்டால் பண்ருட்டி வருவதற்குப் பதில் 'ட' வரும். கடலூரின் இரண்டாவது எழுத்து. விடையாக ஒற்றை எழுத்து வந்தால் ஒரு படி கூடுதலாக இறங்கிவிட்டீர்கள், அல்லது ஒரு அடைப்பு குறைகிறது என்று அர்த்தம்.

தமிழில் இன்னொன்றும் உண்டு. பைத்தான் எண்ணுவது நாம் எண்ணுகிற எழுத்தை அல்ல, யூனிகோட் குறியீடுகளை. பண்ருட்டி நமக்கு 5 எழுத்து. லென்("பண்ருட்டி") கேட்டால் 9. புள்ளிகளும் உகரக் குறியும் இகரக் குறியும் தனித்தனியாகக் கணக்கில் சேரும். "சிதம்பரம்"[1] கேட்டால் தனியாகத் தொங்கும் ஓர் இகரக் குறிதான் வரும். கோடில் தப்பில்லை.

அடுத்தது காற்புள்ளி. நெஸ்டட் லிஸ்டை டைப் செய்யும்போது நிகழ்கிற பிழைகளில் பல இதில்தான். ஒரே காற்புள்ளி விடுபட்டால், அது எங்கே விடுபட்டது என்பதைப் பொறுத்து விளைவு மாறும்.

இரண்டு சரங்களுக்கு நடுவே விடுபட்டால் பைத்தான் இரண்டையும் ஒட்டிவிடும். "பண்ருட்டி" "குறிஞ்சிப்பாடி" என்பது "பண்ருட்டிகுறிஞ்சிப்பாடி" என்ற ஒரே ஊராகிவிடும். எரர் இல்லை, எச்சரிக்கை இல்லை. மொத்தம் மட்டும் 9 ஆகக் குறையும்.

இரண்டு உள் லிஸ்ட்களுக்கு நடுவே விடுபட்டால் வேறு மாதிரி. [[1, 2] [3, 4]] என்று எழுதினால், இரண்டாவது அடைப்பைப் பைத்தான் முதல் லிஸ்டின் இண்டெக்ஸாக எடுத்துக்கொள்ளும். டைப் எரர் வரும்: லிஸ்ட் இண்டைசஸ் மஸ்ட் பி இண்டிஜர்ஸ் ஆர் ஸ்லைசஸ், நாட் டூப்பிள். டூப்பிள் என்று எதையுமே எழுதவில்லையே என்று குழம்ப வேண்டாம். அடைப்புக்குள் காற்புள்ளியோடு இருக்கும் 3, 4 தான் அந்த டூப்பிள். பைத்தான் 3.8-லிருந்து "காற்புள்ளி விட்டீர்களா?" என்று ஒரு எச்சரிக்கையும் சேர்ந்தே வரும். சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் பதறி மூடாமல் அந்த வரியைப் படியுங்கள். கணிதப் பழக்கத்தில் வட்டங்கள்[1, 3] என்று எழுதினாலும் இதே எரர்தான். அங்கே வேண்டியது தனித்தனி அடைப்பு.

எல்லாவற்றிலும் மோசமானது [[23, 5] [1]] வகை. இரண்டாவது லிஸ்டில் ஒரே எண் இருந்தால் அது முறையான இண்டெக்ஸ் ஆகிவிடும். விடை [5]. எதுவும் கத்தாது, 23 காணாமல் போயிருக்கும்.

இதற்கெல்லாம் ஒரே மருந்துதான். மேலே எழுதியிருப்பது போல ஒரு உள் லிஸ்டுக்கு ஒரு வரி, கடைசி வரியின் முடிவிலும் காற்புள்ளி. கடைசிக் காற்புள்ளியைப் பைத்தான் ஏற்றுக்கொள்ளும். பிறகு ஒரு வரி சேர்த்தாலும் தப்பு நேராது. டைப் செய்து முடித்ததும் முதல் வேலையாக வெளி நீளத்தையும் ஒவ்வொரு உள் நீளத்தையும் அச்சிட்டு 3, பிறகு 3, 4, 3 என்று வருகிறதா பார்த்துவிட வேண்டும். அரை நிமிட வேலை.

இனி லூப். எளிய வடிவம் இது:

ஃபார் கோட்டம் இன் வட்டங்கள்:
    ஃபார் வட்டம் இன் கோட்டம்:
        பிரிண்ட்(வட்டம்)

10 பெயர்களும் வரும். இண்டெக்ஸே தேவையில்லை. மதிப்பைப் படிக்க மட்டும் செய்கிற இடத்தில் இந்த வடிவத்தையே பழக்கப்படுத்துங்கள். எத்தனையாவது இடம் என்று தெரிய வேண்டும், அல்லது அந்த இடத்தில் புது மதிப்பு வைக்க வேண்டும் என்றால்தான் அடுத்த வடிவம்:

ஃபார் கோ இன் ரேஞ்ச்(லென்(வட்டங்கள்)):
    ஃபார் வ இன் ரேஞ்ச்(லென்(வட்டங்கள்[கோ])):
        பிரிண்ட்(கோ, வ, வட்டங்கள்[கோ][வ])

ஐ, ஜே என்று பெயர் வைக்காமல் கோ, வ என்று வைத்ததற்குக் காரணம் உண்டு. ஐ-யும் ஜே-யும் கண்ணுக்கு ஒரே ஜாடை. வட்டங்கள்[வ][கோ] என்று எழுதினாலோ வட்டத்துக்குள் கோட்டமா என்று கையே தயங்கும்.

இரண்டாவது வரியில் உள்ள லென்(வட்டங்கள்[கோ]) என்பதைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். பலரும் அங்கே லென்(வட்டங்கள்[0]) என்று எழுதுவார்கள். சதுரக் கட்டத்தில் அது செல்லும். இங்கே முதல் கோட்டத்தின் நீளம் 3 என்பதால் எல்லாக் கோட்டத்திலும் 3 மட்டும் எண்ணும். 9 பெயர் வரும். ஸ்ரீமுஷ்ணம் வராது. எரர் ஏதும் இல்லாமல் ஒரு வட்டமே காணாமல் போயிருக்கும். 3 என்று நேரடியாக எண்ணைப் போட்டாலும் இதே கதிதான். 4 என்று போட்டால் முதல் கோட்டம் முடிந்ததுமே இண்டெக்ஸ் எரர், ஏனென்றால் [0][3] என்று ஒன்று கிடையாது.

இண்டெக்ஸை மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்றும் ஒரு முறை வேண்டுமென்றே செய்து பாருங்கள். கடைசி வரியில் வட்டங்கள்[வ][கோ]. கடலூர், சிதம்பரம், விருத்தாசலம், பண்ருட்டி, காட்டுமன்னார்கோயில், திட்டக்குடி என்று 6 பெயர் வந்து, ஏழாவதில் இண்டெக்ஸ் எரர் வரும். அந்தக் கணத்தில் கோ 1, வ 3, கேட்பது வட்டங்கள்[3][1], நான்காவது கோட்டம் இல்லை. இதைத் தாளில் ஒரு முறை எழுதி நீங்களே கண்டுபிடித்துவிட்டால் பிறகு எந்த இண்டெக்ஸ் எரருக்கும் பயப்பட மாட்டீர்கள்.

இப்போது இந்தத் தலைப்பிலேயே ஆழமான இடம். காலிக் கட்டம் ஒன்று வேண்டும், 3 நிரை, 4 நிரல், எல்லாம் 0. சுருக்கமாக இப்படி எழுதத் தோன்றும்:

கட்டம் = [[0] * 4] * 3
கட்டம்[0][1] = 5

கட்டத்தை அச்சிட்டால் [[0, 5, 0, 0], [0, 5, 0, 0], [0, 5, 0, 0]]. ஒரு இடத்தில் வைத்த 5 மூன்று நிரையிலும் நிற்கிறது.

இதைப் புரிந்துகொள்ள மறுபடி பட்டாவுக்கே வர வேண்டும். லிஸ்டுக்குள் லிஸ்ட் என்று சொல்கிறோமே தவிர, வெளி லிஸ்ட் உள் லிஸ்டை வயிற்றில் வைத்திருப்பதில்லை. அது இருக்கும் இடத்தைக் காட்டும் குறிப்பைத்தான் வைத்திருக்கிறது. * 3 என்பது அந்தக் குறிப்பை மூன்று முறை எழுதுகிறது, நிலத்தை மூன்றாக்குவதில்லை. கிடைத்தது கூட்டுப் பட்டா: பெயர் மூன்று, நிலம் ஒன்று. ஒருவர் கிணறு வெட்டினால் மற்ற இருவர் நிலத்திலும் கிணறு இருக்கத்தானே செய்யும். நமக்கு வேண்டியது தனிப் பட்டா:

கட்டம் = [[0] * 4 ஃபார் நிரை இன் ரேஞ்ச்(3)]

இங்கே ஒவ்வொரு சுற்றிலும் [0] * 4 புதிதாக உருவாகிறது. மூன்று சுற்று, மூன்று தனி லிஸ்ட். அப்படியானால் உள்ளே இருக்கும் * 4 மட்டும் எப்படிச் சரி என்று கேட்கலாம். 0 என்ற எண்ணை யாரும் உள்ளே புகுந்து மாற்ற முடியாது. அதை எடுத்துவிட்டு 5-ஐ வைக்கத்தான் முடியும். அதனால் பங்கு போட்டாலும் தொந்தரவில்லை. கூட்டா தனியா என்று சந்தேகம் வந்தால் கட்டம்[0] இஸ் கட்டம்[1] என்று கேளுங்கள். ட்ரூ வந்தால் கூட்டு.

இந்தக் கூட்டுப் பட்டா வேறு இரண்டு வேஷத்திலும் வரும். ஒன்று, லூப்புக்கு வெளியே வரிசை = [] என்று ஒரே ஒரு முறை எழுதிவிட்டு, உள்ளே அதையே நிரப்பி, மொத்தம்.அப்பெண்ட்(வரிசை) செய்து, அடுத்த சுற்றுக்காக வரிசை.க்ளியர்() செய்வது. முடிவில் பார்த்தால் மொத்தம் முழுக்கக் கடைசியாக நிரப்பியதே திரும்பத் திரும்ப இருக்கும், அல்லது எல்லாமே காலியாக இருக்கும். வரிசை = [] என்ற வரியை வெளி லூப்புக்குள் முதல் வரியாக நகர்த்துங்கள். அவ்வளவுதான்.

இன்னொன்று நகல் எடுப்பது. விருத்தாசலம் என்றும் எழுதுகிறார்கள், விருத்தாச்சலம் என்றும் எழுதுகிறார்கள். மூலத்தைத் தொடாமல் நகலில் மட்டும் எழுத்தை மாற்ற நினைக்கிறீர்கள்:

நகல் = வட்டங்கள்[:]
நகல்[2][0] = "விருத்தாச்சலம்"

மூலமும் மாறிவிடும். [:] நகலெடுத்தது வெளி லிஸ்டை மட்டும்; உள்ளே இருக்கும் மூன்று குறிப்புகளும் பழைய மூன்று லிஸ்ட்களையே காட்டுகின்றன. நகல்[2] = ["விருத்தாச்சலம்"] என்று முழு உள் லிஸ்டையும் மாற்றி வைத்தால் மூலம் பிழைக்கும், ஏனென்றால் அங்கே மாறுவது குறிப்பு. இந்த இரண்டு வரிக்கும் உள்ள வித்தியாசத்தைத் தாளில் அம்பு போட்டு வரைந்து பாருங்கள். பைத்தான் டியூட்டர் தளத்தில் கோடை ஒட்டினால் அதுவே அம்பு போட்டுக் காட்டும், ஆனால் முதலில் கையால் வரைந்துவிட்டு அங்கே போய்ச் சரிபார்ப்பதுதான் பலன் தரும். முழு நகல் வேண்டுமென்றால் காப்பி மாட்யூலில் டீப்காப்பி இருக்கிறது.

அப்பெண்ட் பற்றி இரண்டு வார்த்தை. அது எதையும் திருப்பித் தராது. வட்டங்கள் = வட்டங்கள்.அப்பெண்ட்(...) என்று எழுதினால் வட்டங்கள் நன், அதாவது 'ஒன்றுமில்லை', ஆகிவிடும். உள் லிஸ்டில் ஒரு பெயர் சேர்க்கப் பெயரை மட்டும் கொடுங்கள். அடைப்போடு கொடுத்தால் இன்னொரு அடுக்கு கூடிவிடும்.

இதுவரை பார்த்தது ஒரே வகைப் பெயர்களின் தொகுப்பு. நெஸ்டட் லிஸ்டுக்கு இன்னொரு பயன்பாடு, ஒவ்வொரு உள் லிஸ்டும் ஒரு பதிவாக இருப்பது. புதுச்சேரி சட்டமன்றத்தில் தேர்ந்தெடுக்கப்படும் 30 இடங்கள் நான்கு பகுதிகளுக்குப் பிரிந்திருப்பதை எடுத்துக்கொள்வோம்:

பகுதிகள் = [["புதுச்சேரி", 23], ["காரைக்கால்", 5], ["மாஹே", 1], ["ஏனாம்", 1]]

இங்கே உள் நீளம் எப்போதும் 2. முதல் இடம் பெயர், இரண்டாம் இடம் எண்ணிக்கை. இதற்கு இரட்டை லூப் போடுவது வீண். ஃபார் பெயர், இடம் இன் பகுதிகள்: என்று ஒரே லூப்பில் பிரித்து வாங்குங்கள். இடங்களைக் கூட்டினால் 30 வர வேண்டும். உள்ளே புகுந்து மறுபடி லூப் போட்டால் "புதுச்சேரி" என்ற சரத்தையும் எண்ணோடு கூட்டப் பார்த்து டைப் எரரில் நிற்கும். சார்ட்டட்(பகுதிகள்) கொடுத்தால் ஏனாம், காரைக்கால், புதுச்சேரி, மாஹே என்று வரும். உள் லிஸ்டின் முதல் உறுப்பை வைத்து ஒப்பிடும், அது சமமாக இருந்தால் மட்டும் இரண்டாவதுக்குப் போகும். எண்ணை முன்னால் வைத்து அடுக்கினால் 1 என்று சமமாக நிற்கும் ஏனாமும் மாஹேயும் பெயரால் பிரியும். பதிவில் நான்கு, ஐந்து இடங்கள் வந்து "[3] என்றால் எது?" என்று மறக்கத் தொடங்கினால் டிக்‌ஷனரிக்கு மாறிவிடுவது நல்லது.

கட்டத்துக்கு வரும்போது ஒரு எச்சரிக்கை. வரைபடத்தாளில் எக்ஸ் முதலில், ஒய் பிறகு. லிஸ்டில் நிரை முதலில், நிரல் பிறகு, அதாவது தலைகீழ். புதுச்சேரியின் வீதிகளை நினைத்துக்கொள்ளுங்கள். கிழக்கு மேற்காக ஓடும் நேரு வீதி ஒரு நிரை. வடக்கு தெற்காக ஓடும் மிஷன் வீதியும் காந்தி வீதியும் நிரல்கள். முதலில் நேரு வீதிக்கு வந்து, பிறகு எந்தக் குறுக்கு என்று பார்க்க வேண்டும். பயிற்சிக் கட்டத்தை 2-க்கு 5, 3-க்கு 4 என்றே வையுங்கள். சதுரம் வேண்டாம்.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் 12-ம் வகுப்பிலும் சிபிஎஸ்இ-யில் 11-லேயும் லிஸ்ட் வந்துவிடுகிறது. எந்தப் பக்கம் படித்தாலும், மேலே உள்ள வட்டங்கள் லிஸ்டை வைத்தே கீழ்க்கண்டவற்றைச் செய்து பாருங்கள். விடையும் தருகிறேன்.

லென் கணக்கில் மிக நீளமான பெயர் எது? காட்டுமன்னார்கோயில், 19. உங்களுக்கு 20 வந்தால் 'கோ' எழுத்தின் ஓகாரக் குறி ஒரே குறியீடாக இல்லாமல் இரண்டு துண்டாகப் பதிவாகியிருக்கிறது. திரையில் வித்தியாசம் தெரியாது.

ஒரு பெயர் கொடுத்தால் அது இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும். வேப்பூர் என்றால் 2, 2. கிடைத்ததும் ப்ரேக் போட்டால் உள் லூப் மட்டும்தான் நிற்கும், வெளி லூப் ஓடிக்கொண்டே இருக்கும். முழுவதையும் ஒரு ஃபங்ஷனுக்குள் வைத்து ரிட்டர்ன் செய்தால் இரண்டும் நிற்கும். ஸ்ரீமுஷ்ணத்தைத் தேடி "இல்லை" என்று வந்தால் கீபோர்டைப் பாருங்கள். ஸ்ரீ என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுத முடியும், ஸ-வில் தொடங்கியும் ஶ-வில் தொடங்கியும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியலாம், பைத்தானுக்கு இரண்டும் வேறு. லிஸ்டில் இருப்பதையே காப்பி செய்து தேடினால் கிடைக்கும்.

எல்லாவற்றையும் ஒரே தட்டையான லிஸ்டாக்குங்கள்: [வ ஃபார் கோ இன் வட்டங்கள் ஃபார் வ இன் கோ]. ஃபார்களின் வரிசை, லூப்பாக எழுதினால் மேலிருந்து கீழே வரும் அதே வரிசை. புதிதாகத் தொடங்கிய புரோகிராமில் மாற்றிப் போட்டால் கோ என்ற பெயரே தெரியாது என்று நேம் எரர் வரும்; மேலே லூப்பில் வந்த கோ இன்னும் இருந்தால் டைப் எரர் வரும்.

கடைசியாக, நிரையை நிரலாக்குவது. ஒவ்வொரு கோட்டத்தின் முதல் வட்டங்கள் ஒரு லிஸ்ட், இரண்டாவது வட்டங்கள் ஒரு லிஸ்ட் என்று. லிஸ்ட்(ஸிப்(*வட்டங்கள்)) என்று ஒரே வரியில் செய்யலாம் என்று சொல்வார்கள். செய்து பார்த்து எண்ணுங்கள். மொத்தம் 9 பெயர்தான் இருக்கும். ஸிப் இருப்பதிலேயே குட்டையான லிஸ்டோடு நின்றுவிடும், எரர் தராது. இட்டர்டூல்ஸ் மாட்யூலில் உள்ள ஸிப்_லாங்கெஸ்ட் போட்டால் நான்காவதாக ஒரு வரிசை வரும்: நன், ஸ்ரீமுஷ்ணம், நன்.